மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரியவில்லை: கடற்கரைக் குடும்பத்தின் கொடிவழியை எப்படித் தேடுவது?

மண்டபத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, தேடி எழுதி வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். சொத்து வழக்கோ வாரிசுச் சான்றிதழோ இதற்குக் காரணமில்லை. கடைக் கணக்கை முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் விருப்பத்தோடு செய்கிற ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் தலைமுறையிலேயே தடைப்பட்டு நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தந்தைவழியில் எங்கள் ஐயா (தந்தையின் தந்தை) தனுஷ்கோடித் துறையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் வீடும், பத்திரங்களும் கடிதங்களும் இருந்த தகரப் பெட்டியும் கடலோடு போய்விட்டன. உயிர் தப்பியவர்கள் மண்டபத்துக்கு வந்து குடியேறினார்கள். ஐயா காலமாகிவிட்டார், அப்பத்தா இருக்கிறார், நினைவும் தெளிவாகவே இருக்கிறது. ஐயாவின் தகப்பனார் 'தொண்டிப் பக்கத்திலிருந்து' தனுஷ்கோடிக்குப் பிழைக்க வந்தவர் என்பதும், ஐயா தன் தாய்மாமன் மகளைத்தான் மணந்தார் என்பதும் (அவரே எங்கள் அப்பத்தா) எனக்குத் தெரியும். குலதெய்வம் திருவாடானை வட்டத்தில் உள்ள ஓர் அய்யனார். மாசிச் சிவராத்திரிக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவோமே தவிர, அங்குள்ள பங்காளிகளில் யார் எந்த வழியில் உறவு என்று இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

தாய்வழி இன்னும் சிக்கலானது. அம்மாவின் பெற்றோர் இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் சில காலம் தங்கி, பிறகு இங்கேயே நிலைத்துவிட்டவர்கள். அவர்களுடைய முன்னோர் இங்கே எந்த ஊரிலிருந்து அக்கரைக்குப் போனார்கள் என்பது தெரியவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் இவைதாம்: காகிதம் எல்லாம் அழிந்துவிட்ட குடும்பத்துக்கு வேறெங்கே பதிவு கிடைக்கும்? பாட்டன் பெயரையே பேரனுக்கு வைத்து வைத்து ஒரே பெயரில் நான்கைந்து பேர் வருகிறார்களே, அவர்களை எப்படிப் பிரித்தறிவது? முறைப்பெண் திருமணங்களால் ஒருவரே இரண்டு இடங்களில் வரும்போது படத்தை எப்படி வரைவது?

பத்திரக்காரர்

தம்பி, நான் இராமநாதபுரத்தில் ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் குடும்பக் கதைகளை எல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதியே வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் அப்பத்தாவிடம் உட்காருங்கள். பதிவு அலுவலகம் அடுத்த ஆண்டும் இருக்கும்.

அதற்குப் பிறகு, உங்கள் வீட்டுப் பெட்டி கடலில் போனதை நினைத்து மனம் தளர வேண்டாம். பதிவு செய்யப்பட்ட பத்திரம் எதுவாக இருந்தாலும் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கென ஒரு புத்தகத்தையும், அதற்குச் சொத்துவாரியாக ஒன்றும் பெயர்வாரியாக ஒன்றுமாக இரண்டு அட்டவணைகளையும் வைக்கச் சொல்கிறது. எல்லாரும் வில்லங்கச் சான்றுக்குச் சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியதோ பெயர் அட்டவணை. கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்தால் அதைப் பார்வையிட அனுமதி உண்டு. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பிற்காலத்துப் பத்திரங்களின் விவரம்தான். அதற்கு முந்தையதற்கு நேரில்தான் போக வேண்டும். உயில்கள் வேறு புத்தகத்தில் இருக்கும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்கு நகல் தர மாட்டார்கள். இறந்த பிறகு யார் மனுச் செய்தாலும் பெறலாம்.

பழைய பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் விலையையும் விஸ்தீரணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 'இன்ன ஊரிலிருக்கும் இன்னார் மகன் இன்னார்' என்று தொடங்கும் முதல் வரியிலேயே தகப்பன் பெயரும் குடியிருப்பும் தொழிலும் சாதியும் வந்துவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது நான்கெல்லை விவரம். ஒரே தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் வடக்கே அண்ணன், தெற்கே தம்பி, கிழக்கே சித்தப்பன் மகன் என்று எல்லைக்காரர்கள் பங்காளிகளாகவே இருப்பார்கள். நான்கெல்லைகளில் வரும் பெயர்களைத் தனியே எழுதி வைத்து அடுத்த பத்திரத்தோடு ஒப்பிட்டால், யாரும் சொல்லாத உறவு தானாகப் புலப்படும்.

பெண்களைத் தேடுவதற்கு விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) போன்ற உதவி வேறில்லை. மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினையில் அத்தைமார் இருந்த சுவடே இருக்காது. ஆனால் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றான பிறகு, அக்கா தங்கைகளிடம் விடுதலை எழுதி வாங்கும் வழக்கம் பெருகியது. அதில் ஒவ்வொரு பெண்ணும் இன்ன ஊர் இன்னார் மனைவி என்று கணவன் ஊரோடு வந்து நிற்பார். நியாயமான பங்குக்காக எழுதப்பட்டவை என்று அவற்றை எல்லாம் சொல்ல முடியாது. ஆயினும் நம் வேலைக்கு அவை பெரும் புதையல்.

குடும்பத்தில் யாராவது நீதிமன்றம் வரை சண்டையிட்டிருந்தால் நீங்கள் இன்னும் பாக்கியசாலி. பாகப்பிரிவினை வழக்கின் பிராதுடன் (வழக்கு மனுவுடன்) கொடிவழிப் பட்டியல் ஒன்று இணைப்பது வழக்கம். எதிர்த்தரப்பு அதை மறுத்து வேறொரு பட்டியல் கொடுத்திருந்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பதிவுகளைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் இரயத்துவாரிக் கணக்குகளில் (உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கிய முறையின் கணக்குகளில்) முப்பாட்டன் பெயரைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதைக் கேட்டு நம்மவர்கள் ஏங்குவதுண்டு. நம் சீமையின் கதை வேறு. இராமநாதபுரம் சமஸ்தானம் 1803இல் நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்டது. சிவகங்கைச் சீமையும் அவ்வாறே ஜமீனாயிற்று. சர்க்கார் ஜமீன்தாரிடம் பேஷ்குஷ் என்னும் ஆண்டுக் கப்பத் தொகையை வாங்கியதோடு சரி, உழுதவன் பெயர் பெரும்பாலும் ஜமீன் கணக்கில்தான் இருந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த நிலவரித் திட்டத்தில்தான் ஒவ்வொரு குடியானவனும் அரசுப் பதிவேட்டில் தன் பெயரில் வருகிறான். ஆகவே நிலவரித் திட்டப் பதிவேட்டையே உங்கள் முதல் படியாக வைத்துக்கொள்ளுங்கள். திருவாடானைப் பக்கத்தில் சில ஊர்கள் இராமநாதபுரத்திலும் சில சிவகங்கையிலும் இருந்தன; உங்கள் குலதெய்வ ஊர் எதைச் சேர்ந்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் தேட முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. இங்கிலாந்தில் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். நம் நாட்டில் தனிநபர் விவரம் இரகசியம், வெளியிடப்படுவது தொகைகள் மட்டுமே.

கீழக்கரை ஆசிரியை

சகோதரருக்கு வணக்கம். பத்திரக்காரர் ஐயா சொன்னவற்றோடு நான் முழுதும் உடன்படுகிறேன். ஆனால் பத்திரம் இருப்பது நிலம் இருந்தவர்களுக்குத்தான். துறைமுகத்தில் சுமை தூக்கியவருக்கும் கடலில் வலை போட்டவருக்கும் பத்திரம் எங்கிருந்து வரும்? அவர்களுடைய பெயர்கள் வேறு வகை ஏடுகளில் கிடக்கின்றன. அவற்றில் தலையானது மொய் நோட்டு. யாருடைய திருமணத்துக்கு எந்த ஊர்க்காரர் எவ்வளவு செய்தார் என்று ஊர் பெயரை முன்னால் போட்டு எழுதிய வரிகள் அவை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டைப் பல வீடுகளில் நகையைப் போலப் பாதுகாக்கிறார்கள். உங்கள் வீட்டு நோட்டு போனாலும், உங்கள் ஐயா மொய் செய்த வீடுகளின் நோட்டுகள் புயலில் போகவில்லையே. அதேபோல் குலதெய்வக் கோயிலில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்துக்கும் இவ்வளவு என்ற வரி) வாங்கிய கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மகனுக்குத் திருமணமாகித் தனித் தலைக்கட்டாக வரி கொடுக்கத் தொடங்கிய ஆண்டு அதில் தெரியும். வெளியூர் போன பங்காளிகளும் வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோயிலே வேறோர் ஊரின் மூலக்கோயிலிலிருந்து பிடிமண் (ஒரு பிடி மண்) எடுத்து வந்து கட்டியதா என்றும் கேட்க வேண்டும். அப்படியானால் உங்கள் தேடல் அந்த ஊரோடு முடியாது.

எங்கள் கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அதனால் ஒரு வீட்டின் கதையை எழுதப் புகுந்தால் தாய், மகள், மகளின் மகள் என்று பெண்வழியாகத்தான் போக முடியும். ஆண்வழியைப் பிடித்துப் போகிறவர் தெருத் தெருவாக அலைய வேண்டியிருக்கும். உங்கள் மாவட்டத்திலேயே கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்னும் வம்சப் பிரிவு தாய்வழியில்தான் வருகிறது. ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். ஆகவே தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஒற்றைக் கோட்டில் போவதுதான் வம்சாவளி என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். மேலே ஏற முடியாதபோது பக்கவாட்டில் போக வேண்டும். ஐயாவின் அக்காள் எங்கே வாக்கப்பட்டார், அவர் பேரப்பிள்ளைகள் யார் என்று தேடினால், அவர்கள் வீட்டில் உங்கள் பூட்டனின் புகைப்படமே இருந்தாலும் இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) மிகவும் உதவும். மணமக்கள், அவர்களின் தந்தையர், மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும்) தொகை, சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். மணப்பெண்ணின் வலியாக, அதாவது அவரை மணம் முடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக, தந்தைக்குப் பதில் அண்ணனோ பெரிய தந்தையோ நின்றிருந்தால், அந்த நாளுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கபர்ஸ்தானில் (அடக்கத்தலத்தில்) மீசான் கல்லில் (கல்லறைக் கல்லில்) ஹிஜ்ரி ஆண்டு மட்டும் வெட்டியிருந்தால் 579ஐயோ 622ஐயோ கண்ணை மூடிக்கொண்டு கூட்ட வேண்டாம். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டை விடப் பதினோரு நாள் குறைவு; ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில், 1340 தொடங்கியது 1921 செப்டம்பரில். வித்தியாசம் மாறிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். வீட்டில் அரபு எழுத்தில் பழைய நோட்டுகள் இருந்தால் உடனே ஓதல் ஏடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதிய குடும்பக் குறிப்பாகவோ கப்பல் கடிதமாகவோ அது இருக்கலாம்.

அப்பத்தாவிடம் கேட்பது குறித்து ஒன்று சொல்கிறேன். 'எந்த வருஷம்' என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, நாமும் சலித்துவிடுவோம். 'புயலுக்கு முன்னாலா பின்னாலா, அப்போது பெரிய அத்தைக்குத் திருமணம் ஆகியிருந்ததா, நீங்கள் இடுப்பில் யாரை வைத்திருந்தீர்கள்' என்று கேளுங்கள். ஒரு பிறப்பை இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் போதும். தமிழ் வருடப் பெயரைச் சொன்னால் அறுபது ஆண்டுச் சுற்றை மறந்துவிடாதீர்கள். தாது வருடம் 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்னால் முன்னது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்காமல், கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மீதியை அவரே சொல்வார்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். என் தலைமுறைக்கு முன்னால் ஊரில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளி திறக்கும் மாதம் அது.

மலையகத்துப் பேத்தி

உங்கள் தாய்வழியைப் பற்றி நான் சொல்கிறேன். என் குடும்பமும் அப்படி வந்ததுதான். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களை மூட்டை கணக்கில் பிரித்தார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். ஆனால் அந்தப் பிரிப்பின் விளைவாக, நாட்டுக்கு நாடு தாண்டாத குடும்பங்களுக்கு இல்லாத அளவுக்கு எங்களுக்குக் காகிதம் உண்டு. உங்கள் தாய்வழிப் பாட்டனாரின் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் எங்காவது இருக்கும். மறுவாழ்வு உதவிக்கும் கடனுக்கும் அவைதாம் ஆதாரம் என்பதால் யாரும் எளிதில் தூக்கியெறிந்திருக்க மாட்டார்கள். குடும்பத்தார் அனைவரின் பெயரும் வயதும் தோட்டத்தின் பெயரும் அவற்றில் கிடைக்கும்.

தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், அது எந்த மாவட்டம் என்று பார்த்து, அந்த மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவின் பெற்றோருடைய பிறப்புச் சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். பிற்காலத்து இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் நம் நாட்டில் இல்லாத ஒரு வசதி உண்டு: பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டம் இருக்கும், பூட்டனுக்கும் கட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்தே ஒருவரைக் குடிமகனா இல்லையா என்று தீர்மானித்தது. எங்களை வெளியேற்றுவதற்குக் கேட்ட கேள்விக்குரிய விடை இன்று எங்கள் கொடிவழிக்கு உதவுகிறது. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தாலும் அது ஒரு செய்திதான்: பாட்டன் பெரும்பாலும் இந்தியாவில் பிறந்து கடல் கடந்தவர்.

அவர் எந்த ஊரிலிருந்து போனார் என்பதற்கு நேரடிப் பதிவு கிடைக்காவிட்டால் கங்காணியை, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்தவரை, தேடுங்கள். கங்காணிமார் தம் சொந்த ஊரிலும் சுற்றுவட்டத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள்; உறவுக்காரர்களையே முதலில் அழைத்துப் போனார்கள். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருந்த மற்றக் குடும்பங்களில் ஒன்றுக்காவது 'நாட்டில் ஊர்' (இந்தியாவில் சொந்த ஊர்) எதுவென்று தெரிந்திருந்தால், உங்கள் ஊர் அதற்கு அருகிலேயே இருக்கக்கூடும். மண்டபம் முகாம்தான் இலங்கை போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பிய இடம். 1939இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை ஆள் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டிவிட்ட தகர வில்லை எந்த வீட்டிலாவது மிஞ்சியிருந்தால், அதிலுள்ள எண் தோட்டத்தைக் குறிக்கும், ஆளைக் குறிக்காது. உங்கள் தாய்வழி முன்னோர் போன வழியில் இருந்த அதே முகாமுக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

பாம்பன் துறை

ஒரு சிறு சேர்க்கை. உறவில் யாராவது கத்தோலிக்கராக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். திருமணம் வேறு பங்கில் நடந்தாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே ஒரே வரியில் பிறப்பும் திருமணமும் கிடைத்துவிடும். முறைப்பெண்ணை மணக்கத் திருச்சபையின் விலக்கு தேவைப்பட்டதால், மண ஓலையில் இருவரும் எந்த அளவு இரத்த உறவு என்று எழுதியிருப்பார்கள். பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். பங்குத் தந்தையிடம் பணிவாகக் கேட்டால் உதவுவார். பெர்னாண்டோ, கோமஸ் போன்ற பெயர்களைப் பார்த்துவிட்டுப் போர்ச்சுகல் வரை கோடு இழுத்துவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏற்ற பெயர்கள் அவை; இரத்த உறவைக் காட்டுபவை அல்ல.

சேதுநாட்டான்

இவ்வளவு சிரமம் எதற்கு? எச்சில் மாதிரியை அனுப்பினால் மரபணுச் சோதனையில் எல்லாம் வந்துவிடும். மேலும் திருவாடானைப் பக்கம் அய்யனார் என்றால், உங்கள் முன்னோர் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னரின் படையில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தக் கோணத்தில் தேடுங்கள்.

பத்திரக்காரர்

சேதுநாட்டான் அவர்களுக்கு மறுப்பாகச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். சேதுபதிகளின் செப்பேடுகள் கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. அவற்றில் பெயர் வந்த குடும்பம் நம்முடையதுதான் என்று காட்ட, நம்மிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரத்தோடு ஏறிப் போக வேண்டும். மேலிருந்து இறங்கினால் எல்லாரும் படைத்தலைவர் வீட்டுக்கும் அரபு வணிகர் வீட்டுக்கும்தான் வந்து சேர்கிறோம். சுமை தூக்கியவரும் சங்கு குளித்தவரும் பிள்ளையே பெறவில்லை போலும்.

மரபணுச் சோதனையைப் பற்றி என் மருமகன் விளக்கியதை வைத்துச் சொல்கிறேன். அது பெயரைத் தராது. அதே நிறுவனத்தில் சோதனை செய்துகொண்ட உறவினர் இருந்தால் அவரைக் காட்டும். உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் செய்த நம் போன்றவர்களுக்குத் தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர்போலத் தோன்றும். கணிப்பு ஒரு படி இரண்டு படி முன்னால் வந்து நிற்கும். பணம் மிச்சமிருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மண்டபத்தான்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே அப்பத்தாவிடம் பழைய படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தேன். ஐயாவின் தாயாரும் அப்பத்தாவின் தகப்பனாரும் உடன்பிறந்தவர்கள். தொண்டிக்கு வடக்கே உள்ள ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அப்பத்தாவின் தாயார் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்பதும், அந்த வீட்டோடு ஏதோ மனத்தாங்கலில் போக்குவரத்து நின்றுவிட்டது என்பதும் இதுவரை எங்கள் தந்தைக்கே தெரியாது. ஐயாவின் பெயர் அவருடைய பாட்டனார் பெயர்தானாம். இனி இவர்களை எப்படி எண்ணிட்டு எழுதுவது? ஆசிரியை அவர்கள் கூற வேண்டுகிறேன்.

கீழக்கரை ஆசிரியை

மகிழ்ச்சி. உங்கள் தந்தையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண். அதோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். ஆக ஐயா 2, அப்பத்தா 3, ஐயாவின் தகப்பனார் 4, தாயார் 5, அப்பத்தாவின் தகப்பனார் 6, தாயார் 7. இப்போது 5ம் 6ம் உடன்பிறந்தவர்கள் அல்லவா? 5இன் பெற்றோர் 10, 11. 6இன் பெற்றோர் 12, 13. ஆகவே 10ம் 12ம் ஒருவரே, 11ம் 13ம் ஒருவரே. உங்கள் தந்தைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிமாருக்குப் பதிலாக ஆறு பேர்தான். படத்தில் அவர்களை ஒருமுறை மட்டும் வரைந்து, இரண்டு எண்களையும் அருகில் எழுதி, இரண்டு பக்கமும் கோடு இழுங்கள். மரம்போலக் கிளைத்துப் போகாமல் நடுவே சேரும்; நம் குடும்பங்கள் அப்படித்தான். அக்காள் மகளை மணந்தவர்கள் இருந்தால் ஒருவரே பாட்டனாகவும் பூட்டனாகவும் வருவார், அதையும் இதேபோல எழுதலாம். கணினியில் செய்ய விரும்பினால் கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருளில், ஒருவரை ஒருமுறை பதிந்துவிட்டுப் பல இடங்களில் இணைக்க முடியும்.

ஒரே பெயர்க் குழப்பத்துக்கும் இந்த எண்தான் தீர்வு. பேச்சில் 'பெரிய' 'சின்ன' என்று பிரித்துச் சொல்வார்கள். ஏட்டில் அது போதாது. பெயர், எண், மனைவியின் பெயர் ஆகிய மூன்றையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். பாட்டனும் பேரனும் ஒரே பெயராக இருப்பார்கள், இருவர் மனைவியரின் பெயரும் ஒன்றாக இருப்பது அரிது. ஐயாவின் பெயர் 8ஆம் எண்ணுக்கா, 10ஆம் எண்ணுக்கா என்பதைக் கேட்டீர்களா? தகப்பனைப் பெற்ற பாட்டனா, தாயைப் பெற்ற பாட்டனா என்று அப்பத்தாவிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அவருக்கு இரண்டாமவர் தன் சொந்தப் பாட்டனும் ஆவார், ஆதலால் தயங்காமல் சொல்வார்.

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் யார் சொன்னது அல்லது எந்த ஏடு என்று குறித்து வையுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும், இரண்டாந்தாரம், தத்து போன்ற செய்திகளையும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலோ இணையத்திலோ போட வேண்டாம். அவற்றுக்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீங்கள் போக வேண்டியது 7ஆம் எண்ணுக்குரிய அம்மையாரின் பிறந்த வீட்டுக்கு. 14ம் 15ம் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் தொடாத பக்கம் அதுவே. மனத்தாங்கலுக்குக் காரணமானவர்கள் இப்போது இருக்க மாட்டார்கள். அவர் உடன்பிறந்தார் வழியினர் தேவிபட்டினம் பக்கம் இருந்தால், பழைய மொய் நோட்டில் தனுஷ்கோடி என்று ஊர் போட்டு எழுதிய வரி ஏதேனும் இருக்கிறதா, கடைசியாக எந்தத் திருமணத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். போகும்போது அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு போக முடிந்தால் நல்லது.